கம்பி போட்ட பிள்ளைக்குச் சளி, காய்ச்சல்: பல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது?

#1 நொய்யல்கரை

வணக்கம். மகளுக்கு 13 வயது. ஆகஸ்டில் மேலும் கீழும் கம்பி போட்டோம், மெட்டல் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் குட்டிப் பிடிப்பான்). மழை தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், இவளுக்கும் வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டியாயிற்று. ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, ஃப்ளூ மாதிரி வைரல் காய்ச்சல்தான் என்றார்கள். அந்தப் பக்கம் பெரிய பயமில்லை.

என் கேள்வி வாயைப் பற்றியது. மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, இரவு முழுக்க வாயைத் திறந்தபடிதான் தூங்குகிறாள். காலையில் உதட்டின் உள்பக்கம் காய்ந்துபோய் பிராக்கெட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வாயைத் திறந்தால் தோல் பிய்ந்து எரிகிறது. பிரஷை உள்ளே வைத்தாலே குமட்டுகிறது. ஒரு தடவை வாந்தியும் எடுத்துவிட்டாள். இருமல் சிரப்பை இரவு படுக்கும்போது கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு மறுபடி பல் துலக்க வைப்பதா? மாமியார் சித்தரத்தைத் துண்டை வாயில் அடக்கச் சொல்கிறார், கொடுக்கலாமா? அடுத்த வாரம் கம்பி டைட் செய்யும் தேதி வேறு வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 தெற்குவாசல்

தங்கச்சி, முதலில் பிள்ளையைத் தூங்கவிடு. காய்ச்சலில் துவண்டு கிடப்பவளை எழுப்பி பிரஷ் பண்ணு, ஃபிளாஸ் பண்ணு என்று வதைக்க வேண்டாம். என் பேத்திக்குப் போன வருஷம் இதே மாதிரி வந்தது. காய்ச்சல் விடும்வரை வெறும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னோம், அவ்வளவுதான். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் பல் துலக்காவிட்டால் பல் கொட்டிவிடாது. ராத்திரி மஞ்சளும் மிளகும் போட்டுப் பால் கொடு, நெஞ்சுச் சளி இளகும். சித்தரத்தை நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுப்பதுதான், பயப்படாதே.

#3 முத்துச்சரம்

நான் ஆர்த்தோடான்டிக்ஸ், அதாவது பல் சீரமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் பல் மருத்துவர். தெற்குவாசல் அம்மா சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். பிள்ளை ஓய்வெடுக்க வேண்டும், ஒரு வேளை துலக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான சிலரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். ஈறு வீங்க அவர்களுக்கு 10 முதல் 21 நாள் ஆனது. ஆனால் அவர்கள் வாயில் கம்பி இல்லை. காய்ச்சலும் மூக்கடைப்பும் இல்லை. எச்சில் நன்றாக ஊறிக்கொண்டிருந்தது.

விஷயமே அந்த எச்சில்தான். வாயில் அமிலம் கூடி பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரைய ஆரம்பிக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பதும் கழுவுவதும் எச்சில். தூக்கத்தில் அது இயல்பாகவே குறைவாகத்தான் சுரக்கும். அதோடு வாய் வழியாக மூச்சு விட்டால் இருப்பதும் காய்ந்துவிடும். சளிக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரைகள் பலவும் வாயை இன்னும் உலர்த்தும். இந்த நேரத்தில் சர்க்கரை கலந்த சிரப்பைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் அது பிராக்கெட்டைச் சுற்றி விடியும்வரை இருக்கும். ஒரு காய்ச்சலில் பல் சொத்தையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் போன பிறகும் இருமல், சிரப், மிட்டாய் என்று வாரக்கணக்கில் இழுக்கும் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. கம்பியைச் சுற்றி அழுக்கு படிந்தே இருந்தால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெள்ளைத் திட்டு விழுவதுண்டு. கம்பியைக் கழற்றிய பிறகு பல் வரிசை அழகாக இருக்கும், நடுவில் சதுரமாக ஒரு தடம் தெரியும். அதைப் பார்த்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் உதடு ஒட்டியிருந்தால் உடனே வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். ஒரு வாய் எடுத்து உதட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஓடவிட்டு, ஊறின பிறகு நாக்கால் மெல்லத் தள்ளினால் தானாக விடும். இரவு படுக்கும்முன் முன்பல் பிராக்கெட்டுகளுக்கு மெழுகு வையுங்கள். கம்பி போட்ட அன்று சின்ன டப்பாவில் கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மருந்துக் கடையில் ஆர்த்தோ வாக்ஸ் என்று கேளுங்கள். மெழுகு நிற்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் ஈரம். டிஷ்யூவால் பிராக்கெட்டை நன்றாக ஒற்றி எடுத்து, பட்டாணியில் பாதி அளவு மெழுகை விரலில் உருட்டி, சூடேறியதும் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் விழுங்கிவிட்டாலும் தீங்கில்லை. உதட்டின் வெளியே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள்.

வாந்தி எடுத்தால் உடனே பிரஷ் எடுக்கவே கூடாது. வயிற்று அமிலம் பட்டு எனாமல் மெத்தென்று இருக்கும், அப்போது தேய்த்தால் அதையும் சேர்த்துத் தேய்ப்போம். வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்கட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பினால் இன்னும் நல்லது. அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

சிரப்புக்கு எளிய வழி, வரிசையை மாற்றுவது. முதலில் சிரப், பிறகு தண்ணீர், அப்புறம் பல் துலக்கல், படுக்கை. நள்ளிரவில் எழுந்து கொடுக்க நேர்ந்தால் எழுப்பித் துலக்க வைக்க வேண்டாம், இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் போதும். சர்க்கரை இல்லாத சிரப் கிடைக்குமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

நாளுக்கு இரண்டு வேளை துலக்க முடியவில்லையா, விடுங்கள். இரவு ஒரு வேளையை மட்டும் விடாதீர்கள். படுக்கையிலேயே சாய்ந்து உட்கார வைத்து, மடியில் ஒரு கிண்ணம் கொடுத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்கள். குமட்டலுக்குப் பெரும்பாலும் பேஸ்ட்டின் நுரையும் புதினா காரமும்தான் காரணம். அரிசி மணி அளவு பேஸ்ட் போதும், அதுவும் ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். சின்னத் தலையுள்ள பிரஷில் கடைவாயிலிருந்து தொடங்காமல் முன்பல்லிலிருந்து தொடங்குங்கள். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம்.

சித்தரத்தையைத் துண்டாகக் கொடுக்காதீர்கள். அது மருந்தா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. அது மரக்கட்டை மாதிரி இருக்கும். வாயில் அடக்கிய எதையும் தூக்கக் கலக்கத்தில் கடித்துவிடுவோம், பிராக்கெட் பெயர்ந்துவிடும். அதிமதுரக் குச்சி, பனங்கற்கண்டு, இருமல் மிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பொடித்தோ கஷாயமாக வைத்து வடிகட்டியோ கொடுங்கள்.

#4 ஓஎம்ஆர்வாசி

32 வயதில் கம்பி போட்டவன், ஐடி வேலை. மெட்டல் வேண்டாம் என்று செராமிக் போட்டேன். மஞ்சள் பால் பற்றி ஒரு வார்த்தை. செராமிக் பிராக்கெட்டில் கறை ஏறாது. ஆனால் கம்பியைப் பிராக்கெட்டோடு பிடித்திருக்கும் அந்தக் குட்டி ரப்பர் வளையம் மஞ்சளை அப்படியே உறிஞ்சிவிடும். எவ்வளவு துலக்கினாலும் போகாது, அடுத்த தடவை வளையத்தை மாற்றும்போதுதான் போகும். பல்லுக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. உங்கள் மகளுக்குக் கலர் ரப்பர் என்றால் மஞ்சள் பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெள்ளை அல்லது கண்ணாடி நிற ரப்பர் என்றால் பள்ளி திறந்ததும் அவளே வருத்தப்படுவாள்.

இன்னொன்று, கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்க வேண்டாம். தொடக்க மாதங்களில் போடும் கம்பி பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ப்யூலர் கண்டறிந்த உலோகம். 1970களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல் சீரமைப்புக்குக் கொண்டுவந்தார். அதில் வெப்பத்தால் வேலை செய்யும் வகைகள் உண்டு. குளிர்ந்தால் தளரும், வாயின் சூட்டுக்கு வந்தால் விறைத்து இழுக்கும். சூடாக எதையாவது குடித்ததும் பல் 'விண்' என்று இழுப்பதும், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கொஞ்சம் லேசாவதும் எனக்கே தெரிந்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஏற்கனவே தலைவலியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இழுப்பும் எதற்கு? மிதமான சூட்டில் கொடுங்கள்.

போன டிசம்பரில் சளி முற்றியபோது மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்தன. கம்பியை அதிகமாக இறுக்கிவிட்டார்களோ என்று ஓடினேன். டாக்டர் குனிந்து செருப்பைத் தொடச் சொன்னார். குனிந்ததும் கன்னமும் பல்லும் சேர்ந்து கனத்தது. சைனஸ்தான் காரணம். மேல் கடைவாய்ப் பல் வேர்களுக்கு மேலேயே கன்னத்துச் சைனஸ் அறை இருக்கிறதாம். உங்கள் மகள் பல் வலிக்கிறது என்றால், ஒரு பல்லா, மேல் பக்கம் நாலைந்து பற்களா என்று கேட்டுப் பாருங்கள்.

#5 பனைநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சளியை எங்கள் பக்கம் தடிமன் என்போம். என் தங்கைக்குக் கம்பி இல்லை, கழற்றி மாட்டும் அலைனர், பல்லின் மேல் உறை மாதிரி போடும் பிளாஸ்டிக். அக்கா, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். காய்ச்சல்காரர் பாவித்த சாமான் என்று அம்மா அலைனரைச் சுடுதண்ணியில் போட்டுவிட்டார். வளைந்து போய்ப் பிறகு பல்லில் ஏறவேயில்லை. சிகிச்சை முடிந்த பிறகு பல் நகராமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் ரிடெய்னருக்கும் இதே கதிதான். குளிர்ந்த தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவும் போதும். சத்தி (வாந்தி) வரும்போல இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். அலைனர் போட்டபடி சிரப்போ தேனோ குடித்தால் இனிப்பு உள்ளே அடைபட்டுவிடும், எச்சில் போய்க் கழுவவும் முடியாது.

#6 கடலோரக்காற்று

நாகப்பட்டினத்திலிருந்து. மகனுக்குக் கம்பியோடு ரப்பர் பேண்டும் உண்டு, மேல் பல்லிலிருந்து கீழ்ப் பல்லுக்கு இழுத்து மாட்டுவது. இருமலில் வாயைத் திறக்க முடியவில்லை, கழற்றிவிடவா என்கிறான். கழற்றினால் சிகிச்சை பாழாகிவிடுமா? இன்னொரு கேள்வி. காய்ச்சல் விட்டதும் பிரஷைத் தூக்கிப் போடவேண்டும், இல்லாவிட்டால் அதே கிருமி மறுபடி தொற்றிக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா?

#7 முத்துச்சரம்

ஐயா, வாந்தி, கடுமையான இருமல், தொண்டை வீக்கம் இருக்கும்போது ரப்பர் பேண்டைக் கழற்றி வைக்கலாம். ஓரிரு நாளில் பாழாகாது, கொஞ்சம் தாமதமாகும். போட்டவரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சரியானதும் பழையபடி மாட்டச் சொல்லுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒன்றுக்கு இரண்டாக மாட்டுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பல் நகர்வதற்கு மெல்லிய, தொடர்ந்த விசைதான் வேண்டும். அதிக விசை வேரைத்தான் பாதிக்கும்.

பிரஷ் பற்றி: அதே வைரஸ் அதே ஆளுக்கு உடனே திரும்பத் தொற்றுவது அரிது, உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்கியிருக்கும். உண்மையான கவலை மற்றவர்களுக்குப் பரவுவது. ஒரே டம்ளரில் நாலு பிரஷ் தலையோடு தலை முட்டி நிற்கும் வீடுகள்தான் அதிகம். நோயாளியின் பிரஷைத் தனியாக வையுங்கள். குழாய் நீரில் அலசி நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், மூடி போட்டு ஈரத்தோடு அடைக்காதீர்கள். பேஸ்ட் டியூபின் வாயில் அவன் பிரஷ் உரசாமல் பிதுக்குங்கள். கம்பி போட்டவர்களின் பிரஷ் சீக்கிரமே நார் விரிந்துவிடும். விரிந்திருந்தால் இதைச் சாக்காக வைத்து மாற்றிவிடுங்கள், புதிது என்றால் தூக்கிப் போடத் தேவையில்லை.

#8 தெற்குவாசல்

டாக்டர் சொன்னதைப் படித்தேன். ராத்திரி ஒரு வேளை, உட்கார வைத்து, கொஞ்சூண்டு பேஸ்ட் என்றால் அது வதைப்பது இல்லை, செய்யலாம். காலையில் துலக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்காதே தங்கச்சி, அதில் நான் மாறவில்லை.

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. மிளகு ரசத்தில் மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடாதே. அந்தத் தோல் கம்பிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊசி வைத்து எடுத்தாலும் வராது. மையாக அரைத்து, ரசத்தை வடிகட்டி, குழைந்த சாதத்தில் பிசைந்து கொடு. கறிவேப்பிலை, கடுகு எதுவும் வேண்டாம், நெய்யில் கொஞ்சம் சீரகப் பொடி போதும். இட்லியைப் பால் ஊற்றி ஊறவைத்துக் கொடுக்கலாம். இடியாப்பம் கொடு. நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடு, சர்க்கரைக் கஞ்சி வேண்டாம். காய்ச்சல்காரருக்கு ரஸ்க் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதை அப்படியே கடிக்க விடாதே, டீயில் முக்கினாலும் நடுவில் கெட்டியாகவே இருக்கும். பன் இன்னும் மோசம், பசை மாதிரி கம்பி பூராவும் அப்பிக்கொள்ளும்.

உப்புத் தண்ணீரை மட்டும் விடாதே. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. தொண்டைக்கும் இதம், கம்பி உரசிய புண்ணுக்கும் இதம்.

#9 ஓஎம்ஆர்வாசி

அம்மா, இடித்த மிளகு சரியான பாயிண்ட். இன்டர்டென்டல் பிரஷ் என்று பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி குட்டியாகக் கடையில் கிடைக்கும். கம்பிக்கு அடியில் மேலிருந்து கீழாக விட்டு எடுத்தால் மிளகுத் தோல் வந்துவிடும். ஊசி, குண்டூசி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

டெட்ரா பேக்கில் ஆரஞ்சு நிறத்தில் விற்கும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் (உடம்பில் நீர் வற்றாமலிருக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று நினைத்து நாள் முழுக்க உறிஞ்சக் கொடுப்பவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ். அந்தப் பானங்களில் பலவற்றில் சர்க்கரை இதைவிட மிக அதிகம். ஃபார்முலாப்படி இல்லாதவற்றில் ஓஆர்எஸ் என்ற பெயரையே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்குக்குப் பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். மற்ற நேரமெல்லாம் வெறும் தண்ணீரே போதும்.

#10 நெறியாளர்

ஒரு பதிவில் வலி மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராம் அளவும் எழுதப்பட்டிருந்தன. நீக்கியிருக்கிறோம். பிள்ளைகளுக்கான மருந்தளவு எடையைப் பொறுத்தது, தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.

#11 முத்துச்சரம்

நீக்கியது நல்லது. அதையொட்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பி வலிக்கு என்று வீட்டில் ஏதாவது மாத்திரை வைத்திருப்பீர்கள். காய்ச்சலோடு பல்லும் வலிக்கிறது என்று அதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் இது டெங்குக் காலம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் வகை எதுவும் கூடாது, ரத்தக் கசிவு அபாயம் இருக்கிறது. ஃப்ளூ வந்த பிள்ளைகளுக்கு டெங்கு இல்லாவிட்டாலும் ஆஸ்பிரின் கூடாது, ரேய் நோய்க்குறி என்ற கடுமையான பாதிப்பு வரலாம். காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிய பாராசிட்டமாலே கம்பி வலிக்கும் போதும். இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்து அளவை மீறிவிடாதீர்கள். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கனவே கலந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். பல் நகர உடம்புக்குள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. இபுபுரூஃபன் வகை அதைத் தடுப்பதால், நாங்கள் பொதுவாகவே கம்பி வலிக்குப் பாராசிட்டமாலைத்தான் சொல்வோம்.

நொய்யல்கரை அம்மா, டைட் செய்யும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை நாற்காலியில் படுக்க வைத்து வாயில் தண்ணீர் பீய்ச்சினால் மூச்சு விடவே திணறுவாள், மூக்குத்தான் அடைத்திருக்கிறதே. எங்களுக்கும் அடுத்து உட்காரும் பிள்ளைக்கும் தொற்றும். ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, கம்பி அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் வர முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். சிகிச்சை நீண்டது, ஆனால் முடிந்தது.

மூக்கு விட்ட பிறகு ஒன்றைக் கவனியுங்கள். சளி இல்லாத நாளிலும் அவள் வாயைத் திறந்தே தூங்குகிறாளா, குறட்டை விடுகிறாளா? அப்படியென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், மூக்கில் அலர்ஜி இருக்கலாம். வருஷக்கணக்கில் வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கு மேலண்ணம் குறுகிப் பல் நெருங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணத்தைக் கவனிக்காமல் கம்பி மட்டும் போட்டால் கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்.

#12 நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று இரவு டிஷ்யூவால் ஒற்றிவிட்டு மெழுகு வைத்தேன், முதல் தடவையாகக் காலையில் அழாமல் எழுந்தாள். சித்தரத்தையைக் கஷாயமாக்கி வடிகட்டிக் கொடுத்தோம், மாமியாருக்கும் சமாதானம். டாக்டர், சளி இல்லாத நாளிலும் அவள் லேசாகக் குறட்டை விடுவாள். கட்டாயம் காட்டுகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். கடைவாய்ப் பக்கம் ஒரு பிராக்கெட் பல்லை விட்டுக் கழன்று கம்பியில் இங்குமங்கும் நகர்கிறது. எப்போது கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. கிளினிக் தேதியோ இன்னும் பத்து நாள் தள்ளி.

#13 முத்துச்சரம்

கம்பியில் மாட்டியிருக்கும்வரை பயமில்லை. பிடுங்கிப் பார்க்க வேண்டாம், வீட்டுப் பசை எதுவும் வைக்கவே கூடாது. நகர்த்திப் பல்லின் நடுவில் வைத்து மெழுகால் மூடிவிடுங்கள், அந்தப் பக்கம் மெல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். பின்னால் கம்பியின் முனை நீட்டிக்கொண்டு கன்னத்தைக் குத்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குத்தினால் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லப் பல்லோடு தள்ளி அதன்மேல் மெழுகு வைக்கலாம். முழுசாகக் கழன்று கையில் வந்தால் எறிந்துவிடாமல் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், போகும்போது கொண்டு போகலாம். வாயை விரித்து ஒரு படம் எடுத்து இப்போதே கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள். புதிதாக ஒட்ட நேரம் கூடுதலாக ஒதுக்குவார்கள், அன்றைக்கே டைட் செய்வதையும் சேர்த்து முடித்துவிடலாம்.

#14 நொய்யல்கரை

படம் எடுத்து அனுப்பிவிட்டேன். முனை குத்தவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை இருமல் நின்றிருந்தால் அன்றே அழைத்து வரச் சொன்னார்கள், இல்லாவிட்டால் பழைய தேதிக்கே. அதுவரை மெழுகும் குழைந்த சாதமும்தான்.